பழைய மோட்டார் சைக்கிளை விற்கும் வகை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைக் குறித்தும் கலியாணச் செலவைக் குறித்தும் அறிஞர் பலர் பேசிய இம்மேடையில், பழைய மோட்டார் சைக்கிளை எவ்வாறு விற்பது என்னும் விஷயத்தை எடுத்துக்கொண்டு யாம் நிற்பது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும், நம் அங்கத்தினர் இல்லங்களுள் இத்தகைய வண்டி ஒன்றேனும் இல்லாத இல்லம் அரிது. வாங்கும்போது பத்துப் பேரை யோசனை கேட்கின்றோம். நல்ல நாள் பார்க்கின்றோம். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகின்றோம். விற்கும்போதோ எவரையும் கேளாமல், காட்டிய இடத்தில் கையெழுத்திட்டு, கொடுத்த பணத்தை எண்ணிக்கொண்டு திரும்புகின்றோம். அக்கையெழுத்தினால் எமக்கு நேர்ந்த இடரொன்று உண்டு. அதனைச் சற்றுப் பின்னர்ச் சொல்லுவோம்.

இப்பொருளைப் பேசுமாறு எம்மைத் தூண்டியவர் நம் சங்கத்து அம்மையார் ஒருவர். கணவரைச் சென்ற ஆண்டு இழந்தவர். அவர் ஓட்டிய 125 சி.சி. மோட்டார் சைக்கிள் திண்ணையோரம் போர்வை போர்த்தபடி நிற்கின்றது. கல்லூரிக்குச் செல்லும் மகளுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கவேண்டியிருக்கின்றது. "அண்ணா, ஷோரூமிலேயே பழையதை எடுத்துக்கொண்டு புதியதைத் தருகின்றார்களாம். அங்கே விடுவதா, வெளியில் விற்பதா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்று எம் இல்லத்துக்கு வந்து கேட்டார். அவருக்கு அன்று கூறிய விடையைச் சிறிது விரித்து இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

வழிகள் இரண்டு. வாங்குவோரைத் தாமே தேடிப் பிடித்து நேரில் விற்பது ஒன்று. புதிய வண்டி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து அதன் விலையைக் கழித்துக்கொள்வது, அதாவது எக்ஸ்சேஞ்ச் என்று வழங்குவது, மற்றொன்று. முன்னதில் பணம் மிகும்; பின்னதில் அலைச்சல் குறையும். இவ்வளவும் யாவரும் அறிந்ததே. மிகும் பணம் எவ்வளவு, குறையும் அலைச்சல் எத்தகையது என்பதையே நம்மவர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

மாட்டுத்தாவணிக்குச் சென்ற பெரியவர்கள் இங்கே இருக்கின்றீர்கள். துண்டை மேலே போட்டு, அதனுள் விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசுவார். அருகில் நிற்பவனுக்கும் என்ன விலை என்று தெரியாது. ஷோரூமில் நடக்கும் எக்ஸ்சேஞ்சும் ஒருவகைத் துண்டு வியாபாரமே என்பது எமது அபிப்பிராயம். பழைய வண்டியின் விலை, எக்ஸ்சேஞ்ச் போனஸ், பண்டிகைத் தள்ளுபடி, இன்ஷூரன்ஸ் தொகை, உபகரணங்களின் விலை ஆகிய எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் கூட்டியும் கழித்தும், "இவ்வளவு கட்டினால் போதும், வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம்" என்று இறுதித் தொகையை மட்டும் சொல்லுவார்கள். எது எவ்வளவு என்பது துண்டுக்குள் மறைந்துவிடுகின்றது.

துண்டை விலக்குவதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். பழைய வண்டியைப் பற்றி வாய் திறவாமல், "எம்மிடம் பழைய வண்டி இல்லை, புதியதை எந்த விலைக்குத் தருவீர்?" என்று முதலில் கேட்டு, அதனை எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். அதன் பின்னரே பழையதைக் காட்டவேண்டும். அம்மையார் விஷயத்தில் யாம் அவ்வாறே செய்தோம். பழைய வண்டிக்கு 31,000 ரூபாய், அதன்மேல் போனஸ் 3,000 ரூபாய், ஆக 34,000 என்று கடையில் கூறினர். ஆனால் பழைய வண்டி இல்லாதவருக்கு அதே ஸ்கூட்டரில் 2,000 ரூபாய் தள்ளுபடி உண்டென்றும், எக்ஸ்சேஞ்ச் செய்பவருக்கு அத்தள்ளுபடி இல்லையென்றும் முன்னரே எழுதி வாங்கியிருந்தோம். ஆகவே அவ்வண்டிக்குக் கடைக்காரர் மெய்யாகக் கொடுக்க வந்த விலை 32,000 மட்டுமே. எம் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அதனைச் சோதித்து, 39,000-க்குத் தாமே ஆள் கொண்டுவருவதாகக் கூறினார். வித்தியாசம் 7,000 ரூபாய்.

இந்த 7,000-த்தைக் கேட்டவுடன் கடைக்காரரைத் திட்டுவது நியாயமன்று. அவர் அவ்வண்டியை ஓட்டுவதற்காக வாங்கவில்லை. பெரும்பாலும் பழைய வண்டித் தரகர் ஒருவர் வந்து, கடையில் சேர்ந்தவற்றை மொத்தமாக எடுத்துச் செல்லுகின்றார். தரகருக்கு இலாபம் வேண்டும். டயர், பேட்டரி, செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றும் செலவு உண்டு. விற்காமல் நின்றால் முதல் முடங்கும். இவ்வியாபாரத்தைத் தொழிலாகச் செய்து ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள இடைவெளியின்மீது வரி செலுத்தவேண்டும். இவ்வரி 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. நம்மைப் போன்ற குடும்பத்தார் தம் சொந்த வண்டியை விற்பதற்கு இவ்வரி கிடையாது. நேரில் விற்கும்போது விலை மிகுவதற்கு இவையெல்லாம் காரணம். அந்த வேலைகளை நாமே தலைமேல் போட்டுக்கொள்ளுகின்றோம், அதற்குக் கூலி பெறுகின்றோம்.

விலையை நிர்ணயிப்பது எவ்வாறு? இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் வண்டியின் மதிப்பு என்று ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கும். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 சதவீதம் என்று தேய்மானம் கழித்துக் கண்ட தொகை அது. திருட்டுப் போனால் கம்பெனி கொடுப்பதற்கான வரம்பேயன்றிச் சந்தை விலை அன்று. நன்கு மைலேஜ் தருவதும், உதிரிப்பாகம் எங்கும் கிடைப்பதுமான வண்டி அதற்கு மேலும் விலைபோகும். விலையுயர்ந்ததாயினும் உதிரிப்பாகம் கிடைக்காத வண்டி அதற்குக் கீழும் போகும். 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் புல்லட்டைப் போன்ற வண்டிக்கோ, கணக்குக்கு அடங்காத பிரியர்கள் உண்டு. அதனைக் கடையில் எக்ஸ்சேஞ்ச் விடுவது பெரும்பாலும் நஷ்டமே. புதிய வண்டியின் விலை குறைந்தால் பழையதன் விலையும் உடன் இறங்கும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று 350 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு முதல் மாதம் கேட்ட விலையையே பின்னும் பிடிவாதமாகக் கேட்டு நின்றவர் சிலரை யாம் அறிவோம்.

நேரில் விற்பவர் செய்யவேண்டியன பல, இன்றியமையாதன சிலவே. வண்டியைக் கழுவித் துடைத்து வைப்பது போதும். விற்பதற்கென்று பெயின்ட் அடிப்பது எதையோ மறைப்பதாகவே தோன்றும். குறையைத் தாமே முன்வந்து சொல்லிவிடவேண்டும். அதனால் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும், மறுவாரம் வீட்டு வாசலில் சண்டை நிகழாது. ஓட்டிப் பார்க்கக் கேட்பவருடன் நம் வீட்டார் ஒருவர் பின்னால் அமர்ந்து செல்லவேண்டும். அவருடைய வண்டிச் சாவியை வாங்கி வைத்தோம் என்று மகிழ்ந்திருந்தவருக்கு, அந்தச் சாவிக்குரிய வண்டியே திருட்டு வண்டியாய் இருந்த கதையும் உண்டு. தொகையை யு.பி.ஐ. மூலம் அனுப்பியதாக அவர் தம் போனில் ஒரு படத்தைக் காட்டினால் அதை நம்பலாகாது. நம் பாங்கிக் கணக்கில் பணம் சேர்ந்திருப்பதைக் கண்ட பின்னரே சாவியை ஈயவேண்டும்.

இனி எமக்கு நேர்ந்ததைச் சொல்லுவோம்.

2013-ஆம் ஆண்டில் எம் பழைய மோட்டார் சைக்கிளை 22,000 ரூபாய்க்கு ஒருவருக்கு விற்றோம். அறிந்தவருக்கு அறிந்தவர். பெயர் மாற்றும் படிவங்களாகிய 29-லும் 30-லும் தேதியிடாமல் கையெழுத்து மட்டும் கேட்டார், கொடுத்தோம். "அடுத்த வாரமே மாற்றிவிடுகின்றேன்" என்றார், நம்பினோம். அவர் மாற்றவில்லை. ஆறு மாதத்தில் வேறொருவருக்கு விற்றார். அவரும் அதே படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினார். இன்ஷூரன்ஸ் காலாவதியானதை எவரும் புதுப்பிக்கவில்லை. 2015-இல் அவ்வண்டி, தலைச்சுமையாகக் கீரை விற்றுச் சென்ற ஒரு மூதாட்டியின்மீது மோதிற்று. அவ்வம்மையாரின் தொடையெலும்பு முறிந்தது. மறு ஆண்டு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து எம் பெயருக்குச் சம்மன் வந்தது.

அச்சம்மனைக் கையில் வாங்கியபோது, ஆள் மாறாட்டம் என்றே எண்ணினோம். வண்டியை விற்று ஈராண்டுக்கு மேல் ஆயிற்றே, எமக்கும் இதற்கும் என்ன என்று வக்கீலிடம் வாதாடினோம். அவர் ஒன்றே கேட்டார்: "ஆர்.சி.யில் எவர் பெயர் இருக்கின்றது?" எம் பெயரே இருந்தது. விற்றதற்கு எம்மிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வாங்கியவர் குடிபெயர்ந்து போயிருந்தார். ஓட்டியவரிடம் ஒன்றுமில்லை. முடிவில் 2019-இல் மக்கள் நீதிமன்றத்தில் 1,65,000 ரூபாய் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டோம். எம் மனைவியாரின் இரண்டு வளையல்கள் அதன்பொருட்டு அடகுக்குப் போயின. கோலூன்றி வந்து கையெழுத்திட்ட அம்மூதாட்டியாரை அன்றுதான் நேரில் கண்டோம். அவருக்குக் கொடுத்ததைப் பற்றி எமக்கு வருத்தமில்லை. அவருக்கு அது போதாது என்பதே மெய். தேதியிடாத அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இன்றும் வருந்துகின்றோம்.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கின்றதோ அவரே உரிமையாளர் என்று சொல்லப்பட்டுள்ளது. 2018 பெப்ரவரியில் உச்சநீதிமன்றமும், ஒருவர் கையிலிருந்து பலர் கைக்கு மாறிப்போன ஒரு காரின் வழக்கில், பதிவேட்டில் பெயர் மாறாதவரையில் விபத்துக்குள்ளானவருக்கு முதல் உரிமையாளரே பொறுப்பாவார் என்று தீர்ப்பளித்தது. அதே சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். வண்டி வேறு மாநிலத்தில் பதிவானதாயின் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். பெயர் மாற்றுவது வாங்கியவர் வேலை என்று நம்மவர் இருந்துவிடுகின்றனர். முதற்கடமை விற்றவருடையது என்பதை அவர்கள் அறியார்.

ஆகவே படிவங்களில் தேதியும், வாங்குபவர் பெயரும் விலாசமும், வண்டியை ஒப்படைத்த நேரமும் எழுதாமல் கையெழுத்திடலாகாது. நேரம் எதற்கெனின், பகல் பதினொரு மணிக்கு ஒப்படைத்த வண்டி பன்னிரண்டு மணிக்கு எங்கேனும் மோதக்கூடும். வாங்குபவரின் அடையாளச் சீட்டின் நகலும், இருவரும் கையெழுத்திட்ட ரசீதும் நம்மிடம் இருக்கவேண்டும். தொகையில் ஒரு பகுதியை, இரண்டாயிரம் மூவாயிரம் ஆயினும், பெயர் மாறிய பின்னர்ப் பெற்றுக்கொள்வதாக நிறுத்தி வைக்கச் சிலர் சொல்லுவர். அதனினும் நல்லது, இருவரும் ஒரே நாளில் விண்ணப்பத்தை முடித்துவிட்டு அதன்பின் சாவியைக் கொடுப்பது. பரிவாகன் என்னும் அரசாங்கத் தளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்குவதற்கு அரை நாள் போதும்.

இங்கே தாய்மார்களில் சிலர், "இவ்வளவு தொல்லை எதற்கு? கடையில் விட்டால் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று எண்ணுவது எமக்குத் தெரிகின்றது. அங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். கடையிலும் அதே 29, 30 படிவங்களில் தேதியில்லாமல் கையெழுத்து வாங்குகின்றனர். வண்டி தரகரிடம் போகின்றது. அவர் வாங்குபவரைக் கண்டுபிடிக்கும்வரையில், மூன்று மாதமோ ஆறு மாதமோ, அது நம் பெயரிலேயே நிற்கின்றது, ஓடவும் ஓடுகின்றது. எமது வண்டியை வாங்கியவர் செய்ததற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? குளிர்சாதன அறையும் ஒரு கோப்பைக் காப்பியுமே வேற்றுமை.

இதற்கு அரசாங்கம் ஒரு பரிகாரம் கண்டிருக்கின்றது. அறிந்தவர் மிகச் சிலர். 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வெளியாகி, 2023 ஏப்பிரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி, பழைய வண்டி வியாபாரம் செய்வோர் பதிவு அதிகாரியிடம் அதிகாரச் சான்று பெறலாம். அத்தகைய வியாபாரியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, 29சி என்னும் படிவத்தின் வாயிலாக ஒப்படைப்பு அறிவிக்கப்படுகின்றது. அன்றுமுதல் அவ்வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியால் நேர்வனவற்றுக்கு அவரே பொறுப்பு. ஓட்டிக் காட்டுதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கன்றி அவர் அதனை வீதியில் ஓட்டவும் கூடாது. ஆகவே கடையில் விடுவோர் போனஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர், "உமக்கு அதிகாரச் சான்று உண்டா? 29சி கொடுப்பீரா?" என்று கேட்கவேண்டும். கொடுப்பவரிடம் இரண்டாயிரம் குறைத்து விடுவதும் இலாபமே. கொடாதவரிடம் விடுவதைக் காட்டிலும், முகமறிந்த ஒருவருக்கு நேரில் விற்று, அன்றே அலுவலகத்துக்கு அறிவிப்பது மேல்.

சில்லறை விஷயங்களை விரைவில் சொல்லிவிடுகின்றோம். கடனில் வாங்கிய வண்டியாயின், தவணை தீர்ந்ததோடு வேலை முடியவில்லை. கம்பெனியின் கடிதமும் 35-ஆம் படிவமும் பெற்று ஆர்.சி.யில் உள்ள அடைமானக் குறிப்பை நீக்கவேண்டும். தீர்ந்த கடன் பத்தாண்டாக ஆர்.சி.யில் தீராமல் நிற்கும் வீடுகள் நம்மில் பல. போக்குவரத்து அபராதம் பாக்கியிருந்தால் கட்டிவிடவேண்டும். பதினைந்து ஆண்டு நிறைந்த வண்டிக்கு மறுபதிவு செய்யாமல் நல்ல விலை எதிர்பார்ப்பது வீண். இன்ஷூரன்ஸில் விபத்துத் தொகை கோராதிருந்ததற்காக 20 முதல் 50 சதவீதம் வரை கழிவு சேர்ந்திருக்கும். அக்கழிவு வண்டியைச் சேர்ந்ததன்று, நம்மைச் சேர்ந்தது. அதற்குரிய கடிதத்தைக் கம்பெனியிடம் பெற்றால், புதிய வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். ஷோரூமில் இதனைத் தாமாக எவரும் நினைவூட்டுவதை யாம் கண்டதில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் புதுவண்டி வாங்குவோர் குறைவாதலால் அம்மாதங்களில் கடைக்காரர் இறங்கி வருவர். ஆயுத பூஜையை ஒட்டி அவர் இறங்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் நேரில் விற்பவருக்கு ஆயுத பூஜைக்கு முந்திய வாரங்களே நல்ல காலம். இரண்டையும் ஒரே மாதத்தில் செய்யவேண்டும் என்னும் கட்டாயமில்லை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி அந்த அம்மையாரின் விஷயம். வண்டி அவர் கணவர் பெயரில் இருந்தமையால், எவரிடம் விடுவதாயினும் முதலில் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவேண்டியிருந்தது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் அறிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் படிவத்தில் விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. அக்காலத்தில் எவர்தாம் அதை நினைப்பர்! இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கொண்டு, தாமதத்துக்குரியதையும் செலுத்தி, பெயரை மாற்றுவதற்கு ஏழு வாரம் ஆயிற்று. வாரிசுதாரரின் பெயரை உயிருடன் இருக்கும்போதே ஆர்.சி.யில் நியமனமாகக் குறிப்பதற்கு 2021 முதல் வசதி உண்டு. இங்கே இருக்கும் ஆடவர்கள் அதனை இவ்வாரமே செய்துவைக்கலாம்.

பெயர் மாறியதும், மெக்கானிக் கூட்டிவந்த இளைஞர் 38,500-க்கு ஒப்புக்கொண்டார். நல்ல பிள்ளை, இரண்டு தெரு தள்ளி இருப்பவர். கடையைவிட 6,500 ரூபாய் மிகுதி. யாமும் அதையே செய்யுமாறு வற்புறுத்தினோம். அம்மையார் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் வந்து, "அண்ணா, அந்த வண்டிச் சத்தம் தினம் நம் வீதியில் கேட்கும். வாசலுக்கு ஓடிப்போய் நின்றுவிடுவேன். எனக்கு வேண்டாம்" என்றார். கணக்குச் சொல்ல வந்த எமக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அதிகாரச் சான்று பெற்ற கடையொன்றைத் தேடினோம். முதல் இரண்டு கடைகளில் 29சி என்றால் என்னவென்றே அறியார். மூன்றாவதில் கொடுத்தனர், விலை 30,500. அம்மையார் வண்டியிலிருந்த சாவிக்கொத்து வளையத்தை மட்டும் கழற்றிக்கொண்டார். படிவத்தின் நகல் அவருடைய டிரங்குப்பெட்டியில் இருக்கின்றது. ஆறு வாரம் கழித்துப் பரிவாகனில் பார்த்தோம். வண்டி வேறொருவர் பெயரில், வேறோர் ஊரில் பதிவாகியிருந்தது.

29, 30, 31, 35, 29சி ஆகிய படிவங்களின் நகல்களை, எந்த இடத்தில் எதை எழுதுவதென்று பென்சிலால் குறித்து, வாசலருகேயுள்ள மேஜைமீது வைத்திருக்கின்றோம். வேண்டுவோர் கூட்டம் கலைந்ததும் எடுத்துக்கொள்ளலாம். ஆர்.சி.யைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் சற்று இருந்தால், அடைமானக் குறிப்பு நீங்கியிருக்கின்றதா என்று இப்போதே பார்த்துச் சொல்லுகின்றோம்.